சாட்சி எதையும் செய்வதில்லை

அன்புள்ள ஐயா,

வணக்கம். தேவகோட்டைப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். எங்கள் ஊர்க் கும்பாபிஷேக மலருக்கு 'குவாண்டமும் பிரக்ஞையும்' என்று பொதுவாசகர்களுக்கான கட்டுரை ஒன்று கேட்டிருக்கிறார்கள். சென்ற மாதம் இங்கே ஒரு சொற்பொழிவு நடந்தது. 'காண்பான் இல்லாமல் காட்சி இல்லை என்று கோவிலூர் மடத்தில் சொல்லிவந்த வேதாந்தத்தை இன்று விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது' என்றார் பேசியவர். நானும் அதையொட்டித்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் மூன்று வரிகளில் மனம் ஒப்பவில்லை.

'எலெக்ட்ரானை யாராவது பார்த்தால் துகள், பார்க்காவிட்டால் அலை.'
'மனம் நோக்கும்வரை பூனை செத்தும் இருக்கிறது, உயிரோடும் இருக்கிறது.'
'மூளைக்குள் குவாண்டம் நடப்பதை நோபல் பரிசு பெற்ற பென்ரோஸ் நிரூபித்துவிட்டார்.'

இவை சரியா? பிள்ளைகளுக்குச் செய்துகாட்ட ஏதாவது உண்டா? எங்கள் வீட்டுப் பட்டாலை (கூடம்) நீளமானது, கதவடைத்தால் நல்ல இருட்டு.

தேவகோட்டை வாசகி

அன்புள்ள டீச்சருக்கு,

மூன்று வரிகளில் முதலாவதுதான் முக்கியம். மற்ற இரண்டும் அதிலிருந்து முளைத்தவை. 'பார்த்தால்' என்ற ஒரு சொல்லில்தான் கோளாறு. தமிழில் பார்ப்பது என்றாலே கண்ணும் அதற்குப் பின்னால் ஓர் ஆளும் வந்துவிடுகிறார்கள். ஆய்வகத்தில் அப்படி ஒருவரும் தேவையில்லை. இரண்டு மெல்லிய பிளவுகள் உள்ள தடுப்பில் எலெக்ட்ரான் எந்தப் பிளவு வழியாகப் போனது என்று கண்டுபிடிக்க வேண்டுமானால், போகிற வழியில் அது வேறு எதையாவது மாற்றிவிட்டுப் போக வேண்டும். ஓர் ஒளித்துகள் சிதறலாம், ஒரு மூலக்கூறு இடிபடலாம். அந்தத் தடயம் பதிந்த கணத்திலேயே குறுக்கீட்டு வரிகள் (இரு வழி அலைகள் கலந்து திரையில் உண்டாக்கும் வெளிச்ச, இருட்டுப் பட்டைகள்) போய்விடும். தடயத்தை யாராவது எடுத்துப் படித்தார்களா என்பது கணக்கிலேயே வராது.

இதற்கு மிகத் தெளிவான சான்று வியன்னாவில் நடந்த பரிசோதனைகள். 1999-இல் அங்கே 60 கார்பன் அணுக்கள் கொண்ட பந்து வடிவ மூலக்கூறுகளைக் கீற்றணி (நெருக்கமான மெல்லிய பிளவுகளின் வரிசை) வழியாக அனுப்பி அலை வரிகளைப் பெற்றார்கள். 2003-இல் 70 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளை வைத்து, வெற்றிடக் கலத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வாயுவை விட்டார்கள். அழுத்தம் ஏற ஏற வரிகள் மங்கின. 2004-இல் அதே மூலக்கூறுகளை வழியிலேயே லேசரால் சூடாக்கினார்கள். சூடான மூலக்கூறு தானே ஒளியை உமிழ்கிறது, அந்த ஒளி அது இருந்த இடத்தின் தகவலைச் சுமந்துகொண்டு வெளியேறுகிறது. சூட்டைக் கூட்டக் கூட்ட வரிகள் கரைந்துபோயின. உமிழப்பட்ட ஒளியை யாரும் பிடித்துப் பார்க்கவில்லை, கலத்தின் சுவரில் பட்டதோடு சரி. கட்டுப்பாட்டுக் குமிழைத் திருப்பினால் 'பார்வை' கூடுகிறது, குறைகிறது என்றால் அதற்கு மனம் எதற்கு? இந்த நிகழ்வை ஓரியல்பு குலைதல் (decoherence) என்று எழுதுங்கள். 'ஓரியல் மூலம்' என்பது உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருப்பதால் பிள்ளைகளுக்கும் பிடிபடும்.

உங்கள் வரியை இப்படி மாற்றலாம்: 'எலெக்ட்ரான் எந்த வழியாகப் போனது என்ற தடயம் வெளியே எங்காவது பதிந்துவிட்டால் வரிகள் மறைகின்றன. பதியாவிட்டால், ஒவ்வொன்றாக அனுப்பினாலும் வரிகள் சேர்கின்றன.' இரண்டாம் பாதிக்கு 1989-இல் ஜப்பானில் டோனோமுரா குழு செய்த பரிசோதனையைச் சொல்லுங்கள். எலெக்ட்ரான்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. முதல் சில நூறு புள்ளிகள் இறைத்த கடுகு மாதிரி கிடந்தன. பல ஆயிரம் சேர்ந்த பிறகே வரிகள் எழுந்தன.

பிரக்ஞை இந்தக் கதைக்குள் வந்தது யாரோ சொற்பொழிவாளரால் அல்ல, அதையும் நேர்மையாக எழுத வேண்டும். 1932-இல் கணிதவியலாளர் ஃபான் நாய்மன், அளக்கப்படும் பொருளுக்கும் அளப்பவருக்கும் இடையிலான கோட்டை எங்கே வேண்டுமானாலும் போடலாம், கணக்கு மாறாது என்று காட்டினார். 1961-இல் இயற்பியலாளர் விக்னர் அந்தக் கோட்டைப் பிரக்ஞையின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். ஆனால் 1970-இல் இயற்பியலாளர் ட்ஸே தொடங்கிவைத்த ஓரியல்பு குலைதல் ஆய்வுகளுக்குப் பிறகு விக்னரே அந்த நிலைப்பாட்டைக் கைவிட்டார். பொதுவாசகர்களுக்கு எழுதுபவர்கள் 1961-இலேயே நின்றுவிடுகிறார்கள். அளவீட்டுப் புதிர் முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. வரிகள் ஏன் மறைகின்றன என்பதற்கு விடை இருக்கிறது. பல சாத்தியங்களில் இந்த ஒன்று மட்டும் ஏன் கிடைத்தது என்பதில் அறிஞர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. கட்டுரையில் இந்த வேறுபாடு இருந்தாலே போதும், அது பெரும்பாலான நூல்களைவிட மேலாக இருக்கும்.

கோவிலூர் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் வாசகர்கள் அந்தப் பாடம் கேட்டு வளர்ந்தவர்கள். வேதாந்தத்தில் மனம் ஓர் அந்தக்கரணம் (உட்கருவி), அதுவே சடம் (அறிவற்ற பொருள்). காண்பான் என்று அங்கே சொல்லப்படுவது சாட்சி. சாட்சி எதையும் செய்வதில்லை, எதையும் மாற்றுவதில்லை, அதுதான் அதன் இலக்கணம். சைவ சித்தாந்தத்திலும் மனம் மாயையின் காரியம்தான். அப்படியிருக்க, நோக்கினாலே எலெக்ட்ரானை மாற்றிவிடும் ஒரு 'பார்வையாளரை'க் கொண்டுவந்து சாட்சியின் இடத்தில் உட்கார்த்தினால் வேதாந்தத்துக்கும் அநியாயம், இயற்பியலுக்கும் அநியாயம். 'அளவீடு' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலைக் கேட்டவர்களுக்கு அளவை என்றால் காண்டல், கருதல், உரை என்று அறியும் வழிகள். முதல் முறை வரும்போதே 'இங்கே அளவீடு என்பது தடயம் பதிதல்' என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

செய்முறை கேட்டிருந்தீர்கள். 1 மில்லிவாட்டுக்கு மேல் போகாத சிவப்பு லேசர் பாயிண்டர், அலைநீளம் 650 நானோமீட்டர். ஒரு தலைமுடியை அட்டைச் சட்டத்தில் நேராக இழுத்து ஒட்டி, கதிரின் நடுவில் நிறுத்துங்கள். 5 மீட்டர் தள்ளி வெள்ளைச் சார்ட் தாள். முடியின் தடிமன் 0.08 மில்லிமீட்டர் என்றால் இருண்ட பட்டைகள் சுமார் 4 சென்டிமீட்டர் இடைவெளியில் விழும். அலைநீளத்தைத் தூரத்தால் பெருக்கி, பட்டை இடைவெளியால் வகுத்தால் முடியின் தடிமன் கிடைக்கும். பிள்ளைகள் ஆளுக்கொரு முடி கொண்டுவந்து அளப்பார்கள். பட்டாலைச் சுவரில் நேரே அடிக்காதீர்கள். நம் வீடுகளின் முட்டைச் சாந்துப் பூச்சு பளபளப்பானது, கதிர் தெறித்துக் கண்ணில் படும். பெல்ஜியம் கண்ணாடி மாட்டியிருந்தால் துணி போட்டு மூடிவிடுங்கள்.

அடுத்த கட்டம் கொஞ்சம் கை வேலை. முடிக்குப் பதில் மின்வயருக்குள் இருக்கும் ஒற்றைச் செம்பு இழை, சுமார் 0.2 மில்லிமீட்டர். பட்டைகள் இப்போது 1.6 சென்டிமீட்டருக்கு ஒன்று வரும். பழைய கால்குலேட்டர் திரையின் முன்பக்கப் போலராய்டு படலத்தை உரித்துத் துண்டுகள் வெட்டுங்கள். இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் திருப்ப, இருட்டாகும் நிலையில் அவை ஒன்றுக்கொன்று செங்குத்து. அந்த நிலையிலேயே ஒன்றை இழைக்கு இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் ஒட்டுங்கள். லேசர் ஒளி தானே தளவிளைவு (அலை ஒரே தளத்தில் அதிர்வது) கொண்டதால், இருபுறமும் சமமாக ஒளிரும்வரை பாயிண்டரை அச்சில் சுழற்றுங்கள். பட்டைகள் மறையும், ஏனென்றால் ஒளி எந்தப் பக்கம் போனது என்ற தடயம் அதன் தளவிளைவில் பதிந்துவிட்டது. தாளுக்கு முன்னால் மூன்றாவது துண்டை 45 பாகையில் பிடியுங்கள். அது தடயத்தை அழித்துவிடுவதால் பட்டைகள் திரும்பி வரும். இந்த நேரம் முழுக்க அறையில் ஒருவரும் இல்லாமல் செல்பேசி கேமரா மட்டும் ஓடினாலும் இதேதான் நடக்கும்.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. படலத்தின் வெட்டு விளிம்பு இழையின் நிழலை விட்டு வெளியே நீட்டினால், அந்த விளிம்பே தனிப் பட்டைகளை உண்டாக்கும், அவை எப்படித் திருப்பினாலும் மறையாது. புது பிளேடில் வெட்டி, பூதக்கண்ணாடி வைத்து ஒட்டுங்கள். சினிமாத் தியேட்டர் முப்பரிமாணக் கண்ணாடிகள் பெரும்பாலும் வட்டத் தளவிளைவு (அதிர்வுத் திசை சுழல்வது) கொண்டவை, அவற்றை வெட்டினால் இது வராது. மூன்றாவது, பட்டை மங்கலாக மிஞ்சினால் படலங்கள் சரியாகச் செங்குத்தாக இல்லை என்று அர்த்தம்.

இதைக் காட்டிவிட்டு 'குவாண்டத்தை வீட்டிலேயே நிரூபித்தோம்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 1 மில்லிவாட் சிவப்பு ஒளியில் நொடிக்கு 33 கோடி கோடி ஃபோட்டான்கள் போகின்றன. அந்த 5 மீட்டர் இடைவெளியில் எந்தக் கணத்திலும் 5 கோடிக்கு மேல் இருக்கும். சாதாரண அலைக் கொள்கையே இதை விளக்கிவிடும். ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக அனுப்பினாலும் இதே பட்டைகள் சேரும் என்பது ஆய்வகத்தில் காட்டப்பட்டது, பட்டாலையில் முடியாது. வழியின் தடயத்துக்கு மனம் தேவையில்லை என்பதை மட்டும் பிள்ளைகள் கண்ணால் காணலாம்.

பூனை வரியை எடுத்துவிடுங்கள். 1935-இல் இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர், பெட்டியில் அடைத்த பூனையின் சாவை ஓர் அணுவின் சிதைவோடு கோத்து அதைச் சொன்னதே, கணக்கை அப்படியே பூனைவரை நீட்டினால் எவ்வளவு அபத்தமாகிறது என்று காட்டத்தான். அதை இயற்கையின் உண்மையாக எழுதினால் அவர் வாதத்தைத் தலைகீழாக்குவதாகும்.

பென்ரோஸ் வரியில் இரண்டு பிழைகள். அவருக்கு 2020-இல் நோபல் கிடைத்தது கருந்துளைகள் பற்றிய பணிக்காக. மூளை பற்றிய கருத்து அவரும் மயக்கமருந்து மருத்துவர் ஹேமராஃபும் முன்வைத்த கருதுகோள், நிரூபணம் அல்ல. நரம்பணுக்களுக்குள் இருக்கும் 25 நானோமீட்டர் தடிமனுள்ள நுண்குழாய்களில் குவாண்டம் நிலைகள் தாக்குப்பிடிக்கின்றன என்பது அதன் அடிப்படை. 2000-இல் இயற்பியலாளர் டெக்மார்க் போட்ட கணக்கில் அந்த நிலைகள் ஒரு நொடியை 10 லட்சம் கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்குக்குள்ளேயே குலைந்துவிடுகின்றன. நரம்பணு துடிக்க ஆயிரத்தில் ஒரு நொடியாவது வேண்டும். 2002-இல் ஹேமராஃப் தரப்பு வேறு அனுமானங்களோடு, லட்சத்தில் ஒரு நொடிமுதல் பத்தாயிரத்தில் ஒரு நொடிவரை தாங்கும் என்று பதில் கணக்குக் கொடுத்தது. பென்ரோஸ் நம்பும் ஈர்ப்புவழிச் சரிவின் (ஈர்ப்பு விசையே பல சாத்தியங்களை ஒன்றாக்கிவிடுகிறது என்ற கருத்து) மிக எளிய வடிவத்தை, இத்தாலியில் 1,400 மீட்டர் பாறைக்கடியில் உள்ள கிரான் சாசோ ஆய்வகத்தில் சோதித்து 2020-இல் நிராகரித்தார்கள். இத்தனையும் எழுத ஒரு பத்தி போதும். எந்தத் தரப்பு எந்த எண்ணைச் சொல்கிறது என்று தெரிந்தால் வாசகர் தாமே எடைபோடுவார்.

ஓர் இடத்தில் 'பின்னிப் பிணைந்த துகள்கள் போல நம் எண்ணங்கள்' என்றும் எழுதியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன், எல்லோரும் எழுதுகிறார்கள். 2022-இன் இயற்பியல் நோபல் அந்தப் பிணைப்பு (விலகியுள்ள இரு துகள்களின் அளவீடுகள் ஒன்றோடொன்று தொடர்புபட்டிருப்பது) பற்றிய பரிசோதனைகளுக்குத்தான். ஆனால் பிணைப்பை வைத்து ஒரு சேதியைக்கூட அனுப்ப முடியாது என்பதும் அதே கோட்பாட்டின் முடிவு.

கட்டுரையைச் சுவிட்சர்லாந்திலோ வியன்னாவிலோ தொடங்க வேண்டியதில்லை. காரைக்குடியில் 1948-இல் அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. மின்வேதியியலே, உலோகத்திலிருந்து கரைசலில் உள்ள மூலக்கூறுக்கு எலெக்ட்ரான் எப்படித் தாவுகிறது என்ற கேள்விதான். அந்தத் தாவலில் குவாண்டம் ஊடுருவல் (ஆற்றல் போதாமலே தடையைக் கடப்பது) வேலை செய்கிறது. 1981-இல் கண்டுபிடித்த ஊடுருவல் நுண்ணோக்கியில், ஊசிமுனைக்கும் பரப்புக்கும் இடைவெளி ஒரு நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூடினால் மின்னோட்டம் ஏறத்தாழ பத்தில் ஒன்றாகிவிடும். இதை முதல் பத்தியாக வைத்து, வியன்னாவை இரண்டாவதாகவும் கோவிலூரை மூன்றாவதாகவும் வைத்துப் பாருங்கள். திருத்திய வரைவை அனுப்பினால் வரி வரியாகப் படித்துச் சொல்கிறேன்.