மோட்டார் போட்டால் சுவருக்குள் 'டமார்': உடைக்கும் முன் காது கொடுங்கள்

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "விடியற்காலை போர் மோட்டாரைப் போட்டதும் சுவருக்குள் 'டமார்' என்று இடிக்கிறது. குழந்தை அலறி எழுந்துவிடுகிறாள். மாடிக்கு பிரஷர் பம்ப் வைத்திருக்கிறோம். பாத்ரூமில் புதிதாக மாற்றிய டேப்பை மூடினால் 'டொக்' என்கிறது. சுவரை உடைத்துப் புது பைப் போட வேண்டும் என்கிறார் பிளம்பர். உடைக்கத்தான் வேண்டுமா?"

இப்போதைக்கு வேண்டாம் அம்மா. பைப் சத்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது, சத்தம் எந்த நேரத்தில் வருகிறது என்பதைத்தான். போடும்போதா, நிறுத்தும்போதா, தண்ணீர் ஓடும்போதா? பாதி விடை அதிலேயே இருக்கிறது. உங்கள் வீட்டில் இரண்டு சத்தம், இரண்டுக்கும் காரணம் வேறு.

முதலில் 'டமார்'. போருக்குள் மூழ்கி நிற்கிற சப்மெர்சிபிள் மோட்டாரின் தலையில் ஒரு வால்வு உண்டு. தரைக்கு மேலே, டேங்குக்குப் போகிற பைப்பில் இன்னொரு வால்வு போட்டிருப்பார்கள்; ஏறிய தண்ணீரைத் திரும்பி இறங்க விடாத இதைத்தான் என்.ஆர்.வி. என்பார்கள். நம் பக்கம் வண்டல் பூமி, போர் தண்ணீரில் நுண்மணல் ஏறும். ஒரு சிட்டிகை மணல் கீழ் வால்வில் சிக்கினாலும் அது சரியாக மூடாது. மோட்டார் நின்றதும் இரண்டு வால்வுக்கும் நடுவில் நிற்கிற தண்ணீர் மெல்ல போருக்குள் இறங்கிவிடும். மேல் வால்வு மட்டும் தன் பங்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நடுவில் வெற்றிடம். விடிந்ததும் மோட்டாரைப் போட்டால், தடுக்க எதுவும் இல்லாமல் பாய்ந்து ஏறுகிற தண்ணீர் மூடிய வால்விலும் அதன் மேல் நிற்கிற தண்ணீரிலும் போய் மோதும். நீங்கள் கேட்பது அந்த மோதலைத்தான்.

இது சாதாரண இடி இல்லை. இரும்பு பைப்பில் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடுகிற தண்ணீர் சட்டென்று நின்றால், 100 மீட்டருக்கும் மேலான உயரத்தில் டேங்க் வைத்த அளவுக்கு ஒரு கணம் அழுத்தம் எகிறும். தஞ்சைப் பெரிய கோயில் விமானமே சுமார் 216 அடிதான், அதாவது 66 மீட்டர். பி.வி.சி. கொஞ்சம் இளகிக் கொடுப்பதால் அதில் அடி குறைவு. ஆனாலும் தினமும் இடி வாங்கினால் பைப்பை இணைக்கிற எல்போவும் டீயும் ஒட்டு விடும்.

நீங்களே சோதிக்கலாம். சாயங்காலம் மோட்டாரை நிறுத்தி, ஐந்து நிமிடத்தில் மறுபடி போடுங்கள். அப்போது இடி இல்லை, இரவு முழுக்க நின்றபின் காலையில் மட்டும் இடிக்கிறது என்றால் கீழ் வால்வு கசிகிறது என்று நம்பலாம். மோட்டாரை மேலே ஏற்றி அந்த வால்வைக் கழுவவோ மாற்றவோ வேண்டும். ஆள் கிடைக்கும்வரை, தரைமேல் உள்ள கேட் வால்வைக் கால்வாசி மட்டும் திறந்து மோட்டாரைப் போட்டு, தண்ணீர் ஏறியதும் மெதுவாக முழுக்கத் திறங்கள். முழுதாக மூடி வைத்து ஓட்டாதீர்கள், மோட்டார் சூடேறிவிடும்.

(மோட்டாரை நிறுத்தும்போது இடித்தால் கதை வேறு. என்.ஆர்.வி.யின் நாக்கு தாமதமாக விழுந்து அறைகிறது. அதை எடுத்துவிட்டு ஸ்பிரிங் வைத்த வால்வு போடுங்கள், அடங்கிவிடும்.)

அடுத்து 'டொக்'. பழைய திருகு டேப் நாலு சுற்றில் மெதுவாக மூடும். புது டேப் கால் சுற்றில் பட்டென்று மூடிவிடும். பிரஷர் பம்ப் வேகத்தில் வருகிற தண்ணீர் எங்கே போகும்? பைப்பை உலுக்கும். டேப்பை மெதுவாக மூடிப் பாருங்கள், சத்தம் வராது. பம்பின் பிரஷர் செட்டிங்கையும் குறைத்து வையுங்கள். அப்புறம், மாடியில் சுவருக்கு வெளியே போகிற பைப்பைக் கையால் பிடித்துக்கொண்டு வேறொருவரை டேப்பை மூடச் சொல்லுங்கள். உள்ளங்கையில் அதிர்வு தட்டுகிற இடத்தில் கிளாம்ப் தளர்ந்திருக்கும். பாபநாசம் பக்கம் ஒரு வீட்டில் இப்படித்தான், பைப்பைத் தொட்ட மாத்திரத்தில் தெரிந்தது: ஆறேழு அடிக்கு ஒரு கிளாம்ப்கூட இல்லை. மூன்று அடிக்கு ஒன்றாக அடித்து, உள்ளே பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்தோம். அன்றே நின்றது.

'ஊங்ங்' என்று டேப் முனகினால் வாஷர் ஆடுகிறது, மாற்றினால் போதும். கீசர் லைனில் 'டிக் டிக்' என்றால் சூட்டில் பைப் நீள்கிறது, பயமில்லை. மேட்டூர் தண்ணீர் வருவதற்கு முந்தைய கோடையில் மோட்டார் ஓடும்போது டேங்கில் விழுகிற தண்ணீர் 'புஸ் புஸ்' என்று துப்பினால், போரில் மட்டம் இறங்கி மோட்டார் காற்றை இழுக்கிறது. உடனே நிறுத்திவிடுங்கள்.

சுவரை உடைக்கச் சொல்ல எனக்கு ஒரே காரணம்தான் உண்டு. எல்லா டேப்பும் மூடி, மோட்டாரும் பம்பும் நின்றபின் சுவரில் காது வைத்தால் 'ஸ்ஸ்' என்று கேட்க வேண்டும், அதாவது உள்ளே பைப் கசிய வேண்டும். இன்று இரவு டேங்குக்குள் தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். யாரும் தண்ணீர் எடுக்காமலே காலையில் மட்டம் கோட்டுக்குக் கீழே போயிருந்தால், அப்போது பிளம்பரைக் கூப்பிடுங்கள்.