பாஸ் ரஷரின் வெற்றிக்குக் காரணம் அவருடைய திறமையா, பயிற்சியாளரின் திட்டமா?

அமெரிக்கக் கால்பந்தில் எதிரணியின் எறிபவரான குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்குள் பாய்ந்து வீழ்த்த வேண்டியவர் பாஸ் ரஷர். அப்படி வீழ்த்துவது சாக். திறமையே இல்லாதவரை எந்தப் பயிற்சியாளராலும் பாஸ் ரஷராக்க முடியாது. ஆனால் நல்ல பாஸ் ரஷரை வீணடிக்கத் தாராளமாக முடியும். ஹாசன் ரெடிக்கைப் பாருங்கள்.

டெம்பிள் பல்கலைக்கழகத்தில் தற்காப்பு வரிசையின் ஓரத்தில் நின்று பாய்ந்தவர் அவர். கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2017இல் அரிசோனா கார்டினல்ஸ் 13ஆவதாக எடுத்தது. உயரம் ஆறடி ஓரங்குலம்தான். ஓரத்தில் ஆடுபவர்களில் சிறிய உடம்பு. வரிசைக்குப் பின்னால் நடுவே நிற்கும் லைன்பேக்கராக மாற்றிவிட்டார்கள். அந்த இடத்தில் நிற்பவர் முதலில் ஓட்டமா எறிதலா என்று கணிக்க வேண்டும். எறிதல் என்றால் பின்வாங்கி, பந்து வாங்க ஓடுபவரைக் காக்க வேண்டும். ரெடிக்கின் ஆயுதமோ முதல் அடியின் வேகமும், ஓரத்தில் தடுக்க நிற்கும் டேக்கிளின் கைக்கு அடியில் தோளைச் சாய்த்து வளைந்து போகும் லாவகமும். யோசிக்க வைத்தாலே அது போயிற்று. மூன்று ஆண்டுகள், மூன்று தலைமைப் பயிற்சியாளர்கள், மொத்தம் 7.5 சாக். 2020இல், ஐந்தாம் ஆண்டு ஒப்பந்தமே வேண்டாம் என்றது அணி.

அதே ஆண்டு அவரை மறுபடி ஓரத்துக்கு அனுப்பினார்கள். 12.5 சாக்! நியூயார்க் ஜயண்ட்ஸுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் 5. ஆள் அதே ஆள்தான். நின்ற இடம்தான் வேறு.

2022இல் பிலடெல்பியா ஈகிள்ஸுக்காக 16 எடுத்தார். அங்கே இன்னொரு வசதியும் இருந்தது. சக வீரர்கள் ஹார்கிரேவ், கிரஹாம், ஸ்வெட் மூவரும் ஆளுக்கு 11 சாக். இத்தனை பேர் பாயும்போது ரெடிக் ஒருவருக்காக இரண்டு பேரை ஒதுக்க எதிரணிக்கு ஆள் ஏது? 2023 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவுடனான என்எஃப்சி பிரிவு இறுதிப் போட்டியில், அவரைத் தடுக்கும் வேலை, பந்து வாங்கவும் ஓடும் ஒரு டைட் எண்டிடம் போனது. எனக்கு இன்றும் புரியாத முடிவு. அந்த டைட் எண்டைக் கடந்து, எறிய ஓங்கிய குவார்ட்டர்பேக் பிராக் பர்டியின் கையில் ரெடிக் அடித்தார். பர்டியின் முழங்கைத் தசைநார் கிழிந்தது. புள்ளிவிவரத்தில் அது ரெடிக்கின் சாக். அதில் பாதியை எதிரணிப் பயிற்சியாளர் கணக்கிலும் எழுதலாம்.

சீசனில் 70 சாக் எடுத்த அதே அணி, சீசனின் கடைசிப் போட்டியான சூப்பர் பவுலில் கன்சாஸ் சிட்டி குவார்ட்டர்பேக் மஹோம்ஸை ஒருமுறைகூட வீழ்த்தவில்லை. மைதானம் வழுக்கியது உண்மைதான். கன்சாஸ் சிட்டி பந்தை விரைந்து எறிந்ததும் உண்மை. பந்து வாங்க ஓடுபவர்களைக் காக்கும் பின்களத்துக் கார்னர்பேக்குகள் குவார்ட்டர்பேக்கைக் காத்திருக்க வைக்காவிட்டால், பாய்பவர் போய்ச் சேர்வதற்குள் பந்து கையை விட்டுப் போய்விடும்.

இதற்கு அடங்காத அபூர்வப் பிறவிகளும் உண்டு. ஜே.ஜே. வாட் 2012இல் தற்காப்புப் பயிற்சியாளர் வேட் ஃபிலிப்ஸின் திட்டத்தில் 20.5 சாக் எடுத்தார். ஃபிலிப்ஸ் போன பிறகு, 2014இல் ரோமியோ கிரெனலின் கீழும் அதே 20.5. அவரை எங்கே நிறுத்தினாலும் ஆடுவார். அடுத்த தட்டில் இருக்கும் ரெடிக் போன்றவர்களுக்குத்தான் திட்டம் வாழ்வா சாவா. அவர்களில் ஒருவரைப் புது அணி வாங்கியதாகச் செய்தி வந்தால், கடந்த ஆண்டு எத்தனை சாக் என்று நான் பார்ப்பதில்லை; எங்கே நிறுத்தப் போகிறார்கள், பக்கத்தில் யார் என்றுதான் பார்ப்பேன்.