மெனோபாஸ் நேரத்து உடல் சூட்டுக்கு அம்மாவுக்கு எந்தச் சத்து மாத்திரை வாங்கி அனுப்பலாம்?

நீங்கள் பெங்களூரில், அம்மா குன்னூரில். அவருக்கு வயது 49. மாதவிடாய் தாறுமாறாகி எட்டு மாதம் ஆகிறது, இரவில் வியர்த்துக் கொட்டுகிறது, தூக்கம் போய்விட்டது. ஆன்லைனில் விற்கும் மெனோபாஸ் மாத்திரைகளில் எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கும் முதல் டப்பா மகளிடமிருந்துதான் வந்தது. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இலைக் கணக்கு எழுதுகிறேன், வயது 53. மருத்துவம் படித்தவள் இல்லை. நான்கு வருடத்தில் ஏழு வகை டப்பாக்களைக் காலி செய்தவள் என்ற ஒரே தகுதியில் பதில் எழுதுகிறேன். சூட்டைக் குறைக்கும் என்று விற்கிற மாத்திரைக்குக் காசு அனுப்பாதீர்கள். அந்தக் காசில் ரத்தப் பரிசோதனை செய்து, எது குறைகிறதோ அதை மட்டும் வாங்கிக் கொடுங்கள்.

எனக்குத் தொடங்கியது ஒரு ஜனவரி மாதம். தோட்டத்தில் முட்டைக்கோஸ் இலைமேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கிறது. வீட்டில் எல்லோரும் இரண்டு கம்பளிக்குள் சுருண்டிருக்கிறார்கள். நான் விடியற்காலை மூன்றரை மணிக்குப் பின்கதவைத் திறந்துபோட்டு, வெறும் நைட்டியோடு படியில் உட்கார்ந்திருக்கிறேன். நெஞ்சுக்குள் யாரோ அடுப்பை ஊதிவிட்டதுபோல் குப்பென்று கிளம்பி, கழுத்து, கன்னம், காதுமடல் வரை ஏறுகிறது. மூன்று நான்கு நிமிடத்தில் அடங்கிவிடும். அடங்கியதும் நனைந்த நைட்டி முதுகில் ஒட்டிக்கொள்ள, பல் கிட்டும் குளிர். எழுந்து வந்து பார்த்த கணவர், காற்று கருப்பு ஏதும் பட்டுவிட்டதா என்று கேட்டார். ஈரோட்டில் இருக்கும் என் தங்கை, "உனக்கென்ன அக்கா, ஊரே ஏசி" என்று போனில் சிரித்தாள்.

ஊர்க் குளிருக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. உடல் வெப்பத்தைக் கவனிக்கும் பகுதி மூளையில் இருக்கிறது. கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் அது கண்டுகொள்ளாது. மெனோபாஸ் நேரத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததும் அந்தப் பொறுமை போய்விடுகிறது. இம்மியளவு சூடு ஏறினாலே உடம்பு கொதிக்கிறது என்று முடிவுகட்டி, தோலுக்கு ரத்தத்தைப் பாய்ச்சி வியர்வையைத் திறந்துவிடுகிறது. மூடுபனியில் நடந்துவந்து டிரையர் ஓடும் அறைக்குள் காலெடுத்து வைத்தால் எனக்கு உடனே வரும். கொதிக்கக் கொதிக்க டீ குடித்தாலும் வரும். தேயிலை ஊரில் இருந்துகொண்டு ஆறிய டீ குடிக்கும் நிலை எனக்கு.

மகள் அனுப்பியது சோயா ஐசோபிளேவோன் குளிகை. நல்லவேளையாக, அது வருவதற்கு ஆறு வாரம் முன்பிருந்தே பழைய இலை நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, சூடு வரும்போதெல்லாம் கோடு போட்டு வந்தேன். தொழில் புத்தி. சராசரியாக நாளுக்கு ஒன்பது. குளிகை சாப்பிட்ட எட்டு வாரத்தில் ஆறாகக் குறைந்தது. மகளுக்குப் போன் போட்டு ஆகா ஓகோ என்று புகழ்ந்தேன். அந்த நவம்பரில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டது. கூரியர் வரவில்லை, டப்பா தீர்ந்துவிட்டது. மூன்று வாரம் குளிகையே இல்லை. நோட்டைப் பார்த்தால் ஆறு, ஆறு, ஐந்து, ஆறு, ஐந்து. ஏறவே இல்லை.

எங்கள் தொழிலில் மழை நாளில் வரும் பசுந்தேயிலையை அப்படியே எடை போட்டுக் காசு கொடுக்க மாட்டோம். ஈரத்துக்கு இத்தனை கிலோ என்று கழித்துத்தான் எழுதுவோம். விவசாயிகள் சண்டைக்கு வருவார்கள், அது வேறு கதை. அந்த நோட்டைப் பார்த்தபோது, குளிகைக் கணக்கில் நான் ஈரத்தைக் கழிக்காமல் விட்டது புரிந்தது. இந்தச் சூடு தானாகவே ஏறி இறங்கக்கூடியது. போதாததற்கு, மருந்து சாப்பிடுகிறோம் என்ற நம்பிக்கையே கொஞ்சம் குறைக்கும். ஆராய்ச்சியில் பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரையும் கொடுத்துப் பார்த்தால், மாவு சாப்பிட்டவர்களுக்கும் கணிசமாகக் குறைகிறது. அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் மருந்தின் எடை.

கழித்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் மிஞ்சுவது மிகக் கொஞ்சம். ஈவ்னிங் பிரிம்ரோஸ் என்ற பூச்செடியின் விதை எண்ணெயை, மருந்தில்லாத வெறும் குளிகையோடு 1994-லேயே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். சூட்டுக்குக் கூடுதல் பலன் இல்லை. 30 வருடம் கழித்தும் மருந்துக் கடையில் அதை எடுத்து நீட்டுகிறார்கள், நானும் வாங்கினேன். பிளாக் கோஹோஷ் என்ற வட அமெரிக்கச் செடியின் வேர் பற்றிய 16 ஆய்வுகளை 2012-இல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, பலன் உண்டு என்று சொல்லப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. கல்லீரல் பாதித்ததாகப் புகார்களும் உண்டு, அதை நான் தொடவில்லை. வைட்டமின் ஈ கொஞ்சம் வேலை செய்தது என்று 1998-இல் ஒரு ஆய்வு வந்தது. எவ்வளவு தெரியுமா? நாளுக்கு ஒரே ஒரு முறை குறைந்தது. வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023-இல் ஹார்மோன் இல்லாத சிகிச்சைகளை வரிசையாக அலசியது. சோயாவையும் மூலிகை, சத்து மாத்திரைகளையும் சூட்டுக்கு அது பரிந்துரைக்கவில்லை. சோயாவை உணவாகச் சாப்பிடுவதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. குளிகையாக என்றால், மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியமும் சாப்பிட்டேன். என் மாமியார் சிபாரிசு. நெய்யும் கருப்பட்டியுமாக ருசியோ ருசி. இரண்டு மாதத்தில் மூன்று கிலோ ஏறினேன், சூடு அப்படியே இருந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் காசு நஷ்டம். அடுத்தது உடம்பு நஷ்டம், இதற்காகத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன்.

எனக்குப் பத்து வருடமாகத் தைராய்டு குறைவு. காலை எழுந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை. மகள் மூன்றாவதாக அனுப்பிய டப்பாவில் கால்சியம், இரும்பு, துத்தநாகம், இன்னும் இருபது சத்துகள். மறந்துபோகக் கூடாதே என்று அதையும் தைராய்டு மாத்திரையோடு சேர்த்து ஒரே வாயில் போட்டுக்கொண்டேன். நான்கு மாதத்தில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. முகம் உப்பியது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. வயதுக் கோளாறு, மெனோபாஸ் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். ரத்தம் எடுத்துப் பார்த்தால், தைராய்டு குறைந்தால் ஏறும் டி.எஸ்.எச். அளவு, எப்போதும் 3-இல் இருப்பது, 14-க்கு ஏறியிருந்தது. முதலில் பார்த்த இடத்தில் தைராய்டு மருந்தின் அளவைக் கூட்டி எழுதினார்கள். அதை வாங்குவதற்குள் கோயம்புத்தூரில் ஒரு பெண் மருத்துவரிடம் போனேன். சீட்டைப் பார்க்கும் முன்பே அவர் கேட்டது, "காலையில் என்னென்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, எதோடு?" சொன்னேன். தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

கால்சியமும் இரும்பும் குடலில் தைராய்டு மருந்தைப் பிடித்துக்கொண்டு, ரத்தத்துக்குள் முழுதாகப் போக விடாது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியத்தை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றினேன். மருந்தின் அளவைக் கூட்டவே இல்லை. இரண்டு மாதத்தில் டி.எஸ்.எச். பழைய இடத்துக்கு வந்துவிட்டது. டப்பாவில் எறும்பு எழுத்தில் அது எழுதியிருந்ததா என்று இப்போது தெரியாது, நான் படிக்கவில்லை. முடிக்கு என்று விற்கும் டப்பாக்களில் பயோட்டின் அதிக அளவில் இருந்தால், அது தைராய்டு பரிசோதனையின் முடிவையே பொய்யாகக் காட்டக்கூடும். ரத்தம் கொடுக்கும் முன் அதைச் சாப்பிடுவதாகச் சொல்லிவிட வேண்டும்.

அதே மருத்துவர்தான் சூட்டுக்கும் வழி சொன்னார். ஹார்மோன் சிகிச்சைதான் இதற்கு மிக வலுவான மருந்து. 2002-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வை, மார்பகப் புற்றுநோய் கூடுகிறது என்று பாதியில் நிறுத்தினார்கள். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. ஆனால் அதில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. வேறு தடை இல்லாமல், 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று 10 வருடத்துக்குள் தொடங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம் என்பது இன்றைய மருத்துவச் சங்கங்களின் நிலை. எனக்கு இரண்டாவது பிரசவத்தில் காலில் ரத்தம் உறைந்த வரலாறு உண்டு, அதனால் ஹார்மோன் வேண்டாம் என்றார். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்து ஒன்றைக் குறைந்த அளவில் எழுதினார். எனக்கு என்ன பைத்தியமா என்று முகம் சிவந்துவிட்டது. மூளையின் அந்த வெப்பக் கணக்கையும் இது கொஞ்சம் சரிசெய்யும் என்று விளக்கினார். ஐந்தாக இருந்தது இரண்டாயிற்று, எப்போதாவது மூன்று. மருந்தின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் யாராவது ஒருவர் கடையில் போய்க் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிடுவார்.

அப்படியென்றால் சத்து மாத்திரையே வீணா? இல்லை. எனக்கு வைட்டமின் டி 11 இருந்தது, 20-க்குக் கீழே போனாலே குறைவு. ஜூன் தொடங்கினால் மாதக்கணக்கில் மூடுபனி, மழை. வெயில் அடித்தாலும் கழுத்து வரை ஸ்வெட்டர், தலையில் மப்ளர். வாரம் ஒன்று வீதம் 60,000 யூனிட், எட்டு வாரம். தொடை வலியும், தரையிலிருந்து கையூன்றி எழும் அவஸ்தையும் குறைந்தன. சூட்டில் ஒரு கோடுகூடக் குறையவில்லை, குறைய வேண்டியதும் இல்லை. அது அதன் வேலையே கிடையாது. வாரம் ஒன்று என்பதை நினைவில் வையுங்கள். எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா தினமும் ஒன்று என்று நினைத்து ஒரு மாதத்துக்கு மேல் சாப்பிட்டார். ஓயாத தாகம், வாந்தி, மலச்சிக்கல். ரத்தத்தில் கால்சியம் ஏறி மருத்துவமனையில் படுக்க வேண்டியதாயிற்று.

கால்சியம் பெரும்பாலும் சமையலறையிலேயே கிடைக்கும். மாதவிடாய் நின்றவர்களுக்கு நாளுக்கு 1200 மில்லிகிராம் வரை சொல்கிறார்கள். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350, ஒரு டம்ளர் பாலில் 240. மதியம் ராகிக் களியும் கீரையும், இரவு பால், நடுவில் தயிர், ஒரு எள்ளுருண்டை என்றால் கணக்கு அநேகமாக நிரம்பிவிடுகிறது. பற்றாததற்கு ஒரு மாத்திரை போதும், அதையும் சாப்பாட்டோடு. 36,000 பெண்களில் பாதிப் பேருக்கு ஏழு வருடம் கால்சியமும் வைட்டமின் டியும் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2006-இல் வெளிவந்தது. இடுப்பெலும்பு முறிவு குறிப்பிடும்படி குறையவில்லை, சிறுநீரகக் கல் கொஞ்சம் கூடியது. ஆகவே, இருக்கட்டுமே என்று அள்ளிப் போட்டுக்கொள்ளும் பண்டம் இல்லை அது.

வைட்டமின் பி12, சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்பார்மின் எடுப்பவர்களுக்கும் பார்க்க வேண்டும். இரும்பு, மாதவிடாய் முழுவதும் நின்றவர்களுக்குக் காரணமில்லாமல் தேவைப்படாது. ஆனால் உங்கள் அம்மா இன்னும் நிற்காத கட்டத்தில் இருக்கிறார். தொடர்ந்து 12 மாதம் வராவிட்டால்தான் மெனோபாஸ் என்று கணக்கு. இந்தக் கட்டத்தில் சிலருக்கு வருகிறபோது ஒரேயடியாகப் போகும், ரத்தசோகை வரும். ஹீமோகுளோபின் பாருங்கள். இங்கே எல்லோரும் செய்வதுபோல் சோறு தின்ற கையோடு டீ குடித்தால், சாப்பாட்டில் உள்ள இரும்பு உடம்பில் சரியாக ஒட்டாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள். என் பிழைப்பே டீயில்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

மகளிடம் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும் ஒன்று உண்டு. பிறப்புறுப்பில் வறட்சி, எரிச்சல், அடிக்கடி சிறுநீர்க் கடுப்பு. இதற்கு எந்தச் சத்து மாத்திரையும் பயன்படாது. அந்த இடத்திலேயே தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு நன்றாக வேலை செய்கிறது, மருத்துவர் எழுதிக் கொடுப்பார். நீங்களாகவே பேச்சை எடுங்கள்.

இரவு வியர்வை எல்லாமே மெனோபாஸ் என்றும் எழுதிவிட முடியாது. தைராய்டு அதிகம் சுரந்தாலும் வியர்க்கும். எடை குறைந்து, மாலைக் காய்ச்சலும் இருமலும் சேர்ந்திருந்தால் காசநோய்க்குப் பார்க்க வேண்டும். ஒரு வருடம் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் வீட்டு வைத்தியம் கூடாது, உடனே பெண்கள் மருத்துவர்.

மாத்திரைக்கு எடுத்து வைத்த காசில் ஒரு சனிக்கிழமை டிக்கெட் எடுத்து வாருங்கள், அம்மாவை நீங்களே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அதுவரை ஒரு நோட்டில் கோடு போடச் சொல்லுங்கள். மருத்துவர் முன்னால் அது உதவும். இன்றிரவு போனில் பேசும்போது, தைராய்டு, ரத்த அழுத்தம், சர்க்கரை என்று அவர் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளை ஒவ்வொன்றாக, எத்தனை மணிக்கு என்பதோடு கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.