“கட்டின பணம் போயிடுமே!” – பாலிசியைத் தொடரலாமா, நிறுத்தலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 36. ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். கைக்கு வருவது மாதம் 46,000 ரூபாய். அப்பா கட்டிய வீடு, அதனால் வாடகை இல்லை. மனைவி வீட்டில் இருக்கிறார். பெண் குழந்தைக்கு ஆறு வயது. 2020 ஜூனில் அத்தை மகன் சொன்னதால் 20 வருட எண்டோமென்ட் பாலிசி (காப்பீடும் சேமிப்பும் சேர்ந்தது) ஒன்று எடுத்தேன். காப்புத் தொகை 10 லட்சம், ஆண்டு பிரீமியம் 52,000. ஆறு தவணை கட்டிவிட்டேன். ஜூனில் பள்ளிக் கட்டணமும் சேர்ந்து வருவதால் ஒவ்வொரு வருடமும் மனைவியின் நகையை அடகு வைத்துத்தான் கட்டுகிறேன். தீபாவளி போனஸில் மீட்கிறேன். பர்சனல் லோன் வேறு 1.8 லட்சம் பாக்கி. 15.5% வட்டி, மாதம் 7,700 ரூபாய் தவணை, இன்னும் 28 மாதம் இருக்கிறது. யூடியூபில் பார்த்தால் “உடனே சரண்டர் பண்ணுங்கள்”, அதாவது பாலிசியை ஒப்படைத்துவிட்டுப் பணத்தை வாங்குங்கள் என்கிறார்கள். பாலிசிக் கம்பெனியில் கேட்டால் 2 லட்சம்தான் கிடைக்குமாம். கட்டியதோ 3.12 லட்சம். இதற்கிடையே சென்னை அருகே ஒரகடத்தில் 58,000 சம்பளத்துக்கு வேலை வந்திருக்கிறது. எட்டு வருட சர்வீஸை விட்டுவிட்டுப் போவதா? இரண்டிலும் ஒரு வருடமாக முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறேன். வழி சொல்லுங்கள்.
– ஓசூர் வாசகர்

பதில்: உங்கள் இரண்டு கேள்விகளையும் பிடித்து வைத்திருப்பது ஒரே கவலைதான். பாலிசியில் “கட்டின 3.12 லட்சம் என்னாவது?” என்று கேட்கிறீர்கள். வேலையில் “எட்டு வருடம் என்னாவது?” என்கிறீர்கள். தொடர்ந்தாலும் நிறுத்தினாலும் அந்தப் பணமும் அந்த வருடங்களும் போனவைதான். எந்த முடிவும் அவற்றைத் திருப்பித் தராது. இன்றைக்கு உங்கள் கையில் இருப்பவை மூன்றே: சரண்டர் செய்தால் வரும் 2 லட்சம், இனிமேல் ஆண்டுதோறும் போகவிருக்கும் 52,000, இனி வரவிருக்கும் 14 வருடம். கணக்கை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்தச் சிக்கல் படித்தவர், படிக்காதவர் எல்லோருக்கும் உண்டு. 1985-ல் ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், ஒரு பல்கலைக்கழக நாடக அரங்கின் சீசன் டிக்கெட்டைச் சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்குத் தள்ளுபடியிலும் விற்றுப் பார்த்தார்கள். நாடகங்கள் ஒன்றுதான். ஆனாலும் சீசனின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்களே அதிகம் வந்தார்கள். கொடுத்த காசுதான் அவர்களை அரங்குக்கு இழுத்து வந்தது. உங்களையும் ஒவ்வொரு ஜூனிலும் அடகுக்கடைக்கு இழுத்துப்போவது அதேதான்.

சரி, கணக்குக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய பாலிசி போனஸ் அறிவிப்பில் காப்புத் தொகை ஆயிரத்துக்கு 42 ரூபாய் என்று இருக்கிறது. அப்படியானால் உங்கள் பாலிசிக்கு வருடம் 42,000 ரூபாய் போனஸ். இதே அளவு கடைசிவரை கிடைத்தால் 20 வருட முடிவில் 10 லட்சத்தோடு 8.4 லட்சம் சேர்ந்து 18.4 லட்சம் வரும். முதல் தவணையிலிருந்து கணக்குப் போட்டால் இது ஆண்டுக்குச் சுமார் 5.2% வருமானம். யூடியூபில் திட்டுவது இந்த எண்ணை வைத்துத்தான். 2020 ஜூனில் என்னிடம் கேட்டிருந்தால் “வேண்டாம்” என்றுதான் நானும் சொல்லியிருப்பேன்.

ஆனால் நீங்கள் இப்போது 2020-ல் இல்லை. இன்று தொடர்வது என்றால் என்ன அர்த்தம்? கையில் வாங்கியிருக்கக்கூடிய 2 லட்சத்தை இதிலேயே விட்டுவைத்து, கூடவே 14 தவணை 52,000 கட்டி, கடைசியில் 18.4 லட்சம் வாங்குவது. இதன் வருமானம் ஆண்டுக்குச் சுமார் 7.4%. பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) வட்டி 2020 ஏப்ரலிலிருந்து 7.1%. உங்கள் பிரீமியம் காப்புத் தொகையில் பத்து சதவீதத்துக்கும் குறைவு என்பதால் முதிர்வுத் தொகைக்கு வரியும் கிடையாது. அதாவது, வாங்கும்போது மோசமாக இருந்த அதே பாலிசி, இன்று நிறுத்த வேண்டிய அளவுக்கு மோசமானதாக இல்லை. ஆரம்ப வருடங்களில் கமிஷனும் செலவும் போய்விட்டன. அந்த அடியை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள். “உடனே சரண்டர்” என்பவர்கள் பழைய கணக்கை வைத்துப் புதிய முடிவைச் சொல்கிறார்கள். “நிறுத்தினால் நஷ்டம்” என்கிற உங்கள் அத்தை மகன் செய்வதும் அதைத்தான்.

இதை நீங்களே சரிபார்க்கலாம். எக்ஸெல்லில் ஒரு வரிசையில் தேதிகள், பக்கத்து வரிசையில் தொகைகள். இன்றைய தேதிக்கு எதிரே மைனஸ் 2,52,000 (சரண்டர் தொகையும் இந்த ஆண்டுப் பிரீமியமும் சேர்ந்து), அடுத்த 13 ஜூன் மாதங்களுக்கு மைனஸ் 52,000, 2040 ஜூனுக்கு எதிரே 18,40,000. தேதிவாரியான தொகைகளிலிருந்து ஆண்டு வருமானத்தைக் கணக்கிடும் எக்ஸ்ஐஆர்ஆர் (XIRR) ஃபார்முலாவைக் கொடுத்தால் விடை வந்துவிடும். போனஸை 42-க்குப் பதிலாக 38 என்று குறைத்தும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். போனஸ் உத்தரவாதமில்லாதது. அது குறைந்தால் உங்கள் முடிவு எவ்வளவு ஆட்டம் காண்கிறது என்று கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. ஏஜென்ட்டும் யூடியூபும் அதைப் பேசுவதே இல்லை. அதுதான் ‘பெய்ட்-அப்’. இனிப் பிரீமியம் கட்ட மாட்டீர்கள், பாலிசியையும் ஒப்படைக்க மாட்டீர்கள். 20-ல் ஆறு தவணை கட்டியிருப்பதால் காப்புத் தொகை 10 லட்சத்திலிருந்து 3 லட்சமாகக் குறையும். இதுவரை சேர்ந்த போனஸ் 2.52 லட்சம் அப்படியே நிற்கும். 2040-ல் 5.52 லட்சம் கிடைக்கும். புதிய போனஸ் பெரும்பாலும் சேராது. இன்று 2 லட்சம் மதிப்புள்ளது 14 வருடத்தில் 5.52 லட்சமாவது ஆண்டுக்குச் சுமார் 7.5%.

சரண்டர் செய்து அந்தப் பணத்தில் 15.5% கடனை அடைப்பதுதானே புத்திசாலித்தனம் என்று எனக்கும் முதலில் தோன்றியது. முன்கூட்டி அடைக்க 3% கட்டணம், அதற்கு ஜி.எஸ்.டி., ஆக சுமார் 6,400 ரூபாய் என்று வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்தேன். கடனை அடைத்து, மிச்சமாகும் 7,700 ரூபாயை 28 மாதமும் தவறாமல் பி.பி.எஃப். வட்டியில் சேர்த்து, 14 வருடம் கைவைக்காமல் இருந்தால் கிட்டத்தட்ட 5.5 லட்சம். பெய்ட்-அப்பில் சும்மா விட்டாலும் 5.52 லட்சம். கடன் இன்னும் 28 மாதம்தான் என்பதால் வித்தியாசம் இல்லாமல் போய்விட்டது. ஒரு சில மாதம் அந்த 7,700 வீட்டுச் செலவில் கரைந்தாலும் சரண்டர்தான் தோற்கும். கரையும் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் உங்களிடம் அவசரத்துக்கென்று தனியாகப் பணமே இல்லை.

எண்கள் இப்படி நெருங்கி வரும்போது எது மிகச் சரி என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. எந்த வழி உங்களுக்கு மூச்சுவிட இடம் தருகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் விஷயத்தில் நான் சொல்வது பெய்ட்-அப். காரணம் பாலிசியில் இல்லை, உங்கள் வீட்டு நிலைமையில் இருக்கிறது. கழுத்தில் 15.5% கடனை வைத்துக்கொண்டு, நகையை அடகு வைத்து, (பெய்ட்-அப்பில் எப்படியும் வரும் 5.52 லட்சத்தைக் கழித்தால்) புதிய தவணைகளுக்குச் சுமார் 7.3% மட்டுமே தரும் இடத்தில் 52,000 போடுவதில் நியாயமே இல்லை. கடன் இல்லாதவர், தீபாவளி போனஸ் வரும்போதே பிரீமியத்தைக் கட்டுகிறவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் “பேசாமல் தொடருங்கள்” என்று சொல்லியிருப்பேன்.

அந்த 52,000-ஐ என்ன செய்வது? அதில் முதல் பங்கு டேர்ம் இன்ஷூரன்ஸுக்கு (சேமிப்பு இல்லாமல், இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு). உங்கள் கடிதம் முழுவதையும் படித்ததில் எனக்கு உண்மையில் பயம் தந்தது இதுதான். நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆனால் குடும்பத்துக்குக் கிடைப்பது 10 லட்சமும் சேர்ந்த போனஸும். ஆண்டுக்கு ஐந்தரை லட்சம் சம்பாதிக்கிற ஒருவருக்கு இது இரண்டு வருடச் செலவைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். குழந்தைக்கோ ஆறு வயது. 60 வயது வரைக்குமாக 75 லட்சத்துக்கு டேர்ம் பாலிசி எடுங்கள். புகைப் பழக்கம் இல்லையென்றால் வருடம் பன்னிரண்டாயிரத்தை ஒட்டி வரும். தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், அப்பாவின் இதய நோய் என்று எது இருந்தாலும் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். க்ளெய்ம் சமயத்தில் உங்கள் மனைவி போராட வேண்டியிருக்கும்.

மீதி 40,000 கடனுக்கு. ஜூனில் நகை அடகுக்குப் போகாததால் தீபாவளி போனஸ் முழுசாகக் கையில் இருக்கும், ஐந்து மாத நகைக்கடன் வட்டியும் மிச்சம். இந்தத் தீபாவளிக்கு 40,000-ஐக் கடனில் கட்டினால் ஆறு மாதம் முன்னதாக முடியும். அடுத்த தீபாவளிக்கும் அப்படியே செய்தால் அன்றோடு கடன் தீர்ந்துவிடும். பகுதித் தொகை கட்ட அனுமதி உண்டா, அதற்குக் கட்டணம் எவ்வளவு என்று கடன் கொடுத்தவர்களிடம் இப்போதே கேட்டு வையுங்கள். கடன் முடிந்த பிறகு அந்த 7,700-ல் முதலில் மூன்று மாதச் செலவுக்கான தொகையை வங்கியில் சேருங்கள். பி.பி.எஃப்., மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் அதற்கப்புறம்.

வரிச் சலுகைக்காகப் பாலிசி வேண்டுமே என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். புதிய வரி முறையில் ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை வரியே இல்லை. உங்களுக்கு அந்தச் சலுகையால் ஒரு ரூபாய்கூடப் பயன் கிடையாது.

அத்தை மகனிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் உங்களுக்கு இதையெல்லாம்விடப் பெரிய தயக்கம் என்று கடிதத்தின் வரிகளுக்கு இடையில் தெரிகிறது. நீங்கள் கட்டும் ஒவ்வொரு பிரீமியத்திலும் அவருக்குக் கமிஷன் உண்டு, அது அவருடைய தொழில், அதில் தப்பில்லை. “மாப்ளே, கடன் கழுத்தை நெரிக்குது, பாலிசியை மூடலை, பெய்ட்-அப்ல விடுறேன்” என்று நேரில் சொல்லுங்கள். போனில் வேண்டாம். வருத்தப்பட்டாலும் நாளடைவில் புரிந்துகொள்வார். வேண்டுமானால் டேர்ம் பாலிசியை அவர் மூலமாகவே எடுங்கள். சற்றுக் கூடுதலாக ஆனாலும், க்ளெய்ம் நேரத்தில் அலைய ஒரு ஆள் இருப்பது உங்கள் மனைவிக்கு உதவும்.

இனி வேலை. எட்டு வருட சர்வீஸ் போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். அது எங்கும் போகாது. ஐந்து வருடம் தாண்டிவிட்டதால் ராஜினாமா செய்தாலும் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உங்களுக்குச் சேர வேண்டியது. அடிப்படைச் சம்பளமும் டி.ஏ.வும் சேர்ந்து 22,000 என்றால், அதை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் எட்டாலும் பெருக்குங்கள். சுமார் 1.02 லட்சம் வரும். பி.எஃப். பணமும் அதே யு.ஏ.என். எண்ணில் புதிய கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளலாம். எடுத்துச் செலவழித்துவிடாதீர்கள். ஆகவே “எட்டு வருடம்” என்பதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம்.

மிஞ்சுவது 12,000 ரூபாய் சம்பள உயர்வு. ஒரகடம், படப்பை பக்கம் சுமாரான வீட்டுக்கு வாடகை, அட்வான்ஸ், குழந்தைக்குப் புதுப் பள்ளி அட்மிஷன், மாதம் ஒருமுறை ஓசூர் வந்துபோகும் செலவு என்று எழுதிப் பாருங்கள். 12,000 நிற்காது. எனவே பணத்துக்காக இந்த வேலைக்குப் போகாதீர்கள். ஓசூரில் கற்றுக்கொள்ள முடியாத வேலை அங்கே இருக்கிறதா, மூன்று வருடத்தில் அது உங்களை எந்தப் பதவிக்குக் கொண்டுபோகும் என்பதற்காக மட்டும் போகலாம். அங்கே இப்போது வேலை செய்யும் இரண்டு பேரிடம் பேசாமல் இதற்குப் பதில் தெரியாது. பேசிவிட்டு உங்கள் மனைவியும் அப்பாவும் இருக்கும்போது முடிவெடுங்கள்.

ஒரு நோட்டு வாங்கி, இந்த இரண்டு முடிவுகளையும் தேதி போட்டு எழுதி வையுங்கள்: என்னென்ன வழிகள் இருந்தன, என்ன எண்களைப் பார்த்தேன், ஏன் இதைத் தேர்ந்தெடுத்தேன், எது நடந்தால் மனதை மாற்றிக்கொள்வேன். நடந்து முடிந்த பிறகு நம் எல்லோருக்கும் “அன்னைக்கே தெரியும்” என்று தோன்றும். எழுதி வைத்தவருக்கு மட்டும்தான் அன்றைக்கு உண்மையில் என்ன தெரிந்திருந்தது என்று தெரியும். மச்சான் வாங்கிய பங்கு இரண்டு மடங்கானால் அவர் எடுத்தது நல்ல முடிவு என்று ஆகிவிடாது. யோசித்து எடுத்த முடிவு சில சமயம் கைவிடவும் செய்யும். அடுத்த முறை நன்றாக முடிவெடுக்கக் கற்றுத்தருவது விளைவைவிட அந்த நோட்டுதான்.

இனி வரிசை. இந்த வாரமே பாலிசிக் கம்பெனிக்கு எழுதி, சரண்டர் தொகை, பெய்ட்-அப் தொகை, இதுவரை சேர்ந்த போனஸ் மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். என் கணக்கு நீங்கள் அனுப்பிய எண்களை வைத்துப் போட்டது. அவர்கள் தரும் பெய்ட்-அப் தொகை 5.5 லட்சத்துக்கு வெகுவாகக் குறைந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள். டேர்ம் பாலிசிக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். இப்போதைய கம்பெனியின் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே அதை முடிப்பது எளிது, வேலை மாறும் நடுவில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதற்குள் டேர்ம் பாலிசிப் பத்திரம் வந்துவிட்டால் பழைய பிரீமியத்தைக் கட்ட வேண்டாம், பாலிசி தானாகவே பெய்ட்-அப் ஆகிவிடும். மருத்துவப் பரிசோதனை, ஆவணம் என்று இழுத்து, அந்த 30 நாளுக்குள் பத்திரம் வரவில்லையென்றால், குடும்பத்துக்கான காப்பு குறைந்துவிடாமல் இருக்க இந்த ஒரு வருடம் மட்டும் 52,000-ஐக் கட்டிவிடுங்கள்.