மருத்துவமனையிலிருந்து நடக்கும் தூரத்தில் வேலூர்

அன்புள்ள ஐயா,

அப்பாவின் சிகிச்சைக்காக மூன்று வாரமாக வேலூரில் இருக்கிறேன். காந்தி ரோட்டை ஒட்டிய சந்தில் அறை. அறையிலிருந்து சி.எம்.சி. மருத்துவமனை, அங்கிருந்து மருந்துக்கடை. ஊரில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வரும் வாரம் ஒரு நாள் அப்பாவுக்குப் பரிசோதனை எதுவும் இல்லை. அன்று அத்தை கூட இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். சென்னையிலிருந்து என் நண்பன் முந்தின இரவே வந்துவிடுவான். இருவரும் நடந்தே ஊரைப் பார்க்க ஆசை. இணையத்தில் தேடினால் பதினைந்து இடம் போட்டிருக்கிறார்கள். கோட்டை, பொற்கோவில், மலைக்கோட்டை மூன்றும் ஒரே நாளில் முடியுமா? ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டால் உடனே திரும்பவும் வேண்டும். அப்பா கொஞ்சம் தேறியதும் அவருக்கு எதைக் காட்டலாம் என்றும் சொல்லுங்கள்.

கதிரவன், தாம்பரம்

அன்புள்ள கதிரவன்,

அப்பா விரைவில் குணமடையட்டும்.

‘கூப்பிட்டால் உடனே திரும்ப வேண்டும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்தே அந்த நாளைத் திட்டமிடலாம். எந்த இடத்தில் நின்றாலும் அரை மணி நடையில், ஆட்டோ பிடித்தால் பத்து நிமிடத்தில், வார்டு வாசலுக்கு வந்துவிட வேண்டும். அப்படிப் பார்த்தால் உங்கள் பட்டியலில் இரண்டு இடங்களை எடுத்துவிட வேண்டியதுதான்.

ஒன்று பொற்கோவில். ஸ்ரீபுரம் ஊருக்குத் தெற்கே சுமார் 8 கிலோமீட்டர். தூரம்கூடப் பெரிதில்லை. உள்ளே கைபேசிக்கு அனுமதி கிடையாது, வாசலிலேயே ஒப்படைத்துவிட வேண்டும். அதன்பின் நட்சத்திர வடிவப் பாதையில் நீண்ட நடை, கூட்டம் இருந்தால் வரிசை. அந்த நேரம் முழுக்க உங்களை யாரும் கூப்பிட முடியாது. நோயாளியோடு வந்திருப்பவர் இப்போது போக வேண்டிய இடம் அதுவல்ல. இன்னொன்று மலைக்கோட்டை. ஏற்றம் முழுக்க வெயில், நிழல் இல்லை, அவசரம் என்றால் ஓடி இறங்கவும் முடியாது. அதைக் கீழிருந்தே பார்க்கலாம். எங்கிருந்து என்று பின்னால் சொல்கிறேன்.

நண்பரிடம் இரண்டு விஷயம் சொல்லிவையுங்கள். ரயிலில் வந்தால் இறங்க வேண்டியது காட்பாடி ஜங்ஷன். வேலூர் கண்டோன்மென்ட் என்று ஒரு நிலையம் இருக்கிறது, அது விழுப்புரம் போகும் கிளைப்பாதையில் உள்ளது. பெயரைப் பார்த்து அங்கே டிக்கெட் தேடிக் குழம்புகிறவர்கள் உண்டு. காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் டவுன் பஸ் சி.எம்.சி. வழியாகத்தான் போகும். சென்னை பஸ்ஸில் வந்தால் அது புதிய பேருந்து நிலையத்தில் விடும். கோட்டை இருப்பது பழைய பேருந்து நிலையத்தின் பக்கம். வழி கேட்கும்போது புதியதா பழையதா என்பதைச் சேர்த்தே கேட்க வேண்டும்.

வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள், அன்று அரசு அருங்காட்சியகம் விடுமுறை. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், தொப்பி, ஒரு ஜோடி பழைய காலுறை எடுத்துக்கொள்ளுங்கள். கோவில் பிராகாரத்தின் கருங்கல் தரை பத்து மணிக்கு மேல் பாதத்தைச் சுட ஆரம்பிக்கும், காலுறை அதற்குத்தான். கைபேசியை முந்தின இரவே முழுதாகச் சார்ஜ் செய்து, உங்கள் எண்ணோடு நண்பரின் எண்ணையும் அத்தையிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

காலை ஆறு மணிக்குக் கிளம்புங்கள். சி.எம்.சி.யிலிருந்து கோட்டை சுமார் 1 கிலோமீட்டர். அங்கே போனதும் எல்லாரும் நேராக உள்ளே நுழைந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். கோட்டை எதிரியைத் தடுக்கக் கட்டப்பட்டது, முதலில் எதிரி நின்ற இடத்தில் நின்று பார்த்தால்தான் அது விளங்கும். வாசல் கிழக்கே இருக்கிறது. கோட்டை வலக்கைப் பக்கம் இருக்கும்படி தெற்கே திரும்பி, அகழியை ஒட்டியே ஒரு வலம் வாருங்கள். உள்ளே 133 ஏக்கர், வெளிச்சுற்று ஏறக்குறைய 3 கிலோமீட்டர். நின்று நின்று போனால் ஒன்றேகால் மணி ஆகும். காலையில் வெயில் நேராகக் கிழக்கு மதிலில் விழுவதால், படம் எடுப்பதானால் கிளம்பும்போதே எடுத்துவிட வேண்டும்.

சுற்றும்போது மதிலை ஒன்றாகப் பார்க்காமல் இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். அகழித் தண்ணீரை ஒட்டித் தாழ்வாக ஒரு வெளிமதில். அதற்குப் பின்னால், உயரமாக, உள்மதில். அகழியை நீந்தி வெளிமதிலை ஏறியவன், உள்மதில்மேல் நிற்பவனின் காலடியில் வந்து நிற்பான், ஒளிய இடம் இருக்காது. உள்மதிலில் இடைவெளி விட்டு வட்டக் கொத்தளங்கள் முன்னே துருத்தி நிற்கும். நேர்மதிலின் அடியில் ஒருவன் ஒண்டிக்கொண்டால் மேலிருப்பவனுக்குத் தெரியாது, பக்கத்துக் கொத்தளத்தில் இருப்பவனுக்குத் தெரியும். ஒரு கொத்தளத்திலிருந்து அடுத்த கொத்தளத்தின் அடிவாரம் பார்வையில் படுகிறதா என்று நீங்களே சரிபார்த்துக்கொண்டு நடங்கள்.

விஜயநகர அரசின்கீழ் இருந்த சின்ன பொம்மி நாயக்கர் காலத்தில், 16-ஆம் நூற்றாண்டில் எழுந்த கோட்டை இது. பிஜப்பூர் படையின் கையிலிருந்து இதைப் பிடிக்க சிவாஜியின் மராட்டியர்களுக்கு 14 மாத முற்றுகை தேவைப்பட்டது. 1677-ல் தொடங்கி 1678-ல்தான் முடிந்தது. கிழக்கே நிமிர்ந்து பாருங்கள். ஊருக்கு மேலே மொட்டைப் பாறையாக நிற்கும் மலைகளின் முதுகில் மதில்கோடு தெரியும். நீங்கள் கேட்ட மலைக்கோட்டை அதுதான். சஜ்ராவ், குஜ்ராவ், முர்த்தஜாகட் என்று மூன்று. கீழ்க்கோட்டைக்கு மேலே இப்படி ஒரு உயரம் இருப்பது, அதை வைத்திருப்பவனுக்குக் காவல், இழந்தவனுக்குத் தலைவலி.

அந்த மலையைக் காட்டித்தான் இந்த ஊரில் ஒரு பழைய பேச்சு: ‘மலையில் மரமில்லை, ஆற்றில் நீரில்லை, கோவிலில் சாமியில்லை, கோட்டையில் ராஜா இல்லை.’ ஆளுக்கு ஆள் இன்னும் இரண்டு மூன்று சேர்த்துச் சொல்வார்கள். உங்கள் நடையில் இந்த நாலும் வருகின்றன. மரமில்லை என்பது இன்றும் பெரும்பாலும் உண்மை. பாறை பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவில் கக்கும். உங்கள் அறையில் விசிறி ஓடியும் தூக்கம் வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஏழரை மணிக்கு உள்ளே போகலாம், கட்டணம் இல்லை. முதலில் ஜலகண்டேஸ்வரர் கோவில். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவார்கள். தெற்குக் கோபுரம் வழியே நுழைந்ததும் இடக்கைப் பக்கம் கல்யாண மண்டபம். அங்கே ஒரு மணி நேரம் கொடுங்கள். இந்த நாள் முழுவதிலும் நான் அழுத்திச் சொல்வது இந்த ஒரு மணியைத்தான்.

தூணைப் பொதுவாகப் பார்த்தால் ‘அழகாக இருக்கிறது’ என்பதோடு நின்றுவிடும். ஒரு குதிரைத் தூணைத் தேர்ந்தெடுத்து, பாய்ந்து எழும் குதிரையின் முன்னங்காலுக்கும் தூணின் உடம்புக்கும் நடுவில் உள்ள வெற்றிடத்தைப் பாருங்கள். காலும் தூணும் ஒரே கல். நடுவிலிருந்த கல்லைத் துளித்துளியாகக் கொத்தி எடுத்திருக்கிறார்கள். கருங்கல்லில் ஒரு அடி பலமாக விழுந்தால் கால் முறியும், முறிந்ததை ஒட்டமுடியாது, தூண் மொத்தமும் வீண். இதை மனதில் வைத்துக்கொண்டு வீரனின் கடிவாளத்தையும் யாளியின் வாயையும் பாருங்கள். காலை வெளிச்சம் பக்கவாட்டில் வருவதால் குழிவுகளில் நிழல் நிற்கும், செதுக்கின் ஆழம் கண்ணுக்குப் பிடிபடும். உச்சிவெயிலில் வந்தால் எல்லாம் தட்டையாகத் தெரியும்.

தூண்களில் ரிஷபகுஞ்சரத்தைத் தேடுங்கள். காளைக்கும் யானைக்கும் ஒரே தலை. நண்பரை யானை உடம்பைக் கையால் மறைக்கச் சொன்னால் காளை தெரியும், மறுபக்கம் மறைத்தால் யானை தெரியும். கையைக் கல்லில் வைக்காமல் கண்ணுக்கு முன்னால் பிடித்தே மறைக்கலாம். பல நூறு வருடமாகத் தடவித் தடவித்தான் பல சிற்பங்களின் மூக்கு மழுங்கிப்போனது. பிறகு மண்டபத்தின் விதானத்தை அண்ணாந்து பாருங்கள், தாமரையைச் சுற்றிக் கிளிகள் தலைகீழாகத் தொங்கும்.

‘சாமியில்லை’ என்றது இந்தக் கோவிலைத்தான். போர்க்காலங்களில் வழிபாடு நின்று, வெள்ளையர் காலத்தில் கிடங்காகவும் இருந்தது. லிங்கம் சத்துவாச்சாரியில் இருந்தது. 1981 மார்ச்சில் ஊர் மக்கள் அதைக் கொண்டுவந்து இங்கே வைத்தார்கள். அன்றோடு பழமொழியில் ஒரு வரி போயிற்று. ‘ஆற்றில் நீரில்லை’ என்பதும் எப்போதும் உண்மையல்ல. 2021 நவம்பர் மழையில் பாலாறு கரைபுரண்டது, இந்தக் கோவிலுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. அகழியும் கோவிலும் தாழ்வான இடம், நிரம்பினால் தண்ணீர் வடிய வழி வேண்டும். அடைமழைக்கு மறுநாள் போவதாக இருந்தால் பிராகாரம் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

கோவிலுக்கு வெளியே கோட்டை மைதானத்தில் நின்று 1806-ன் சிப்பாய்க் கிளர்ச்சியை நினைத்துப் பார்க்க வேண்டும். சாதிக் குறி கூடாது, தாடி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தோல்பட்டை வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று சிப்பாய்களுக்கு உத்தரவு. 1799-ல் மைசூரின் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் அவர் குடும்பத்தைக் கிழக்கிந்தியக் கும்பினி இந்தக் கோட்டை மகால்களில்தான் வைத்திருந்தது. ஜூலை 9 அன்று திப்புவின் மகள் ஒருத்திக்குத் திருமணம். ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தார்கள், தூங்கிக்கொண்டிருந்த வெள்ளையரின் 69-ஆம் ரெஜிமெண்ட் சிதறியது, மைசூர்க் கொடி ஏறியது. செய்தி ஆற்காட்டுக்குப் போயிற்று. 26 கிலோமீட்டர் குதிரையில் வந்த வெள்ளைத் தளபதி கில்லெஸ்பி கயிற்றைப் பிடித்து மதிலேறினார், பின்னால் வந்த பீரங்கிகள் கதவை உடைத்தன. அன்றைக்கே முடிந்துவிட்டது. பிடிபட்ட சிப்பாய்களில் நூறு பேர் அளவில் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள். வெளியிலிருந்து 14 மாதம் ஆன காரியம் உள்ளிருந்து ஒரே இரவில் நடந்தது, அதே மதில்தான் வெளியே ஓட வழியில்லாமல் அவர்களை அடைத்தும் வைத்தது. காலையில் வலம் வந்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

உள்ளே காவலர் பயிற்சிப் பகுதி இருக்கிறது. அங்கே நுழையக்கூடாது, அந்தப் பக்கம் கைபேசியைத் தூக்கிப் படம் எடுப்பதும் வேண்டாம். புனித ஜான் தேவாலயத்தை (1846) வெளியிலிருந்து பார்த்துவிட்டு, அரசு அருங்காட்சியகத்துக்கு முக்கால் மணி ஒதுக்கினால் போதும். தந்தத்தாலான சதுரங்கப் பலகையைத் தவறவிடாதீர்கள். அதற்கு உரியவரைச் சாயங்காலம் பார்க்கப் போகிறீர்கள்.

பதினொன்றரைக்கு வெளியே வந்து, நேரம் இருந்தால் கோட்டைக்கு எதிரே பழைய கல்லறைத் தோட்டத்தில் 69-ஆம் ரெஜிமெண்டின் நினைவுச்சின்னத்தையும், மக்கான் சந்திப்பில் சிப்பாய்களுக்கு 1998-ல் எழுப்பிய தூணையும் அடுத்தடுத்துப் பாருங்கள். இரண்டு பக்கத்துச் சாவுக்கும் சாட்சி நடக்கும் தூரத்திலேயே நிற்கிறது. பிறகு அறைக்குத் திரும்பிவிடுங்கள். பன்னிரண்டிலிருந்து நாலு வரை வேலூர் வெயில் நடக்க விடாது. அப்பாவைப் பார்த்து, அத்தையைச் சாப்பிட அனுப்பி, நீங்களும் தூங்கி எழலாம். நண்பருக்குச் சாப்பாட்டில் ஊர் அடையாளம் வேண்டுமென்றால் இலவம்பாடி முள் கத்திரிக்காயில் செய்த எண்ணெய்க் கத்திரிக்காய் கேட்டுப் பாருங்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற காய்.

நாலு மணிக்கு முத்து மண்டபம். கோட்டைக்கு வடக்கே ஒரு கிலோமீட்டர் சொச்சம், பாலாற்றங்கரையில், புதிய பேருந்து நிலையத்துக்கு அருகில். இலங்கையில் கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கனின் கல்லறை இங்கேதான். நாயக்கர் வழிவந்தவர், இயற்பெயர் கண்ணுசாமி. 1815-ல் வெள்ளையர் பிடித்து, 1816-ல் வேலூருக்குக் கொண்டுவந்தார்கள். 1832 ஜனவரியில் இங்கேயே இறந்தார். காலையில் பார்த்த சதுரங்கப் பலகை அவருடையது. கோட்டையில் இல்லாத ராஜா ஆற்றோரத்தில் இருக்கிறார். கல்லறைகளைப் பார்த்து முடிக்க அரை மணி போதும். அங்கிருந்து நேராகச் சி.எம்.சி. திரும்பலாம். மொத்தத்தில் 10 கிலோமீட்டர் அளவுக்கு நடந்திருப்பீர்கள்.

அப்பா தேறியதும் காட்டுவதற்குக் கோவிலைவிட அகழிக்கரைப் பூங்காவே நல்லது. கோவிலுக்குள் உயர்ந்த வாசற்படிகள் உண்டு, தாண்டும்போது காலைத் தூக்கி வைக்க வேண்டும், சக்கர நாற்காலியும் போகாது. கிழக்குக் கரையில் ஐந்தரை மணிக்கு ஆட்டோவை விட்டு இறங்கினால் நடையே வேண்டாம். சூரியன் கோட்டைக்குப் பின்னால் இறங்கும், மதில் முழுக்கக் கறுத்து, கொத்தளங்கள் மட்டும் அகழித் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். அரை மணிக்கு மேல் உட்கார வைக்காதீர்கள், இருட்டியதும் கொசு வரும்.