குழந்தைக்கு ஆறு நாளாகக் காய்ச்சல், கண் சிவப்பு. ஆன்டிபயாடிக் கொடுத்தும் குறையவில்லை. கவாசாகி நோயாக இருக்குமா?

இருக்கலாம். இது குழந்தைகளின் ரத்தக்குழாய்களில் அழற்சி உண்டாக்கும் நோய். நாளைக்குத் தள்ளாமல் இன்றே குழந்தைநல மருத்துவரிடம் இந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். வீணாகப் பயமுறுத்துகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். காய்ச்சல் வரும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இது இல்லைதான். ஆனால் தவறவிட்டால் அடிபடுவது இதயத்தின் கரோனரி ரத்தக்குழாய்.

கண்ணை வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டும் சிவந்திருக்கும், பீளை இருக்காது. கருவிழியைச் சுற்றி மெல்லிய வளையம் மட்டும் வெள்ளையாகவே நிற்கும். உதடு சிவந்து வெடிக்கும், உடம்பில் தடிப்பு வரும், கை கால் வீங்கும், கழுத்தில் 1.5 செ.மீ.க்குக் குறையாத நெறி கட்டும். காய்ச்சலோடு கண், உதடு, தடிப்பு, கை கால், நெறி என்ற இந்த ஐந்தில் நான்கு இருந்தால் போதும், கவாசாகி என்று கொள்வார்கள். எல்லாம் ஒரே நாளில் தெரியாது. நேற்றைய தடிப்பு இன்று மறைந்திருக்கும், அதனால் போட்டோ எடுத்து வையுங்கள். பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) தழும்பு சிவந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். விரல் நுனியில் தோல் உரிவது இரண்டு, மூன்று வாரம் கழித்துத்தான். அதற்காகக் காத்திருப்பது ஆபத்து.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இவற்றில் பாதிகூடத் தெரியாமல் போகலாம். ஏழு நாள் காரணமில்லாத காய்ச்சல் என்றாலே அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., இ.எஸ்.ஆர். ரத்தப் பரிசோதனைகளைப் பார்க்க வேண்டும், எக்கோவும் (இதய ஸ்கேன்) எடுத்துவிடுவது நல்லது. சிறுநீரில் சீழ் அணுக்கள் இருந்து கல்ச்சரில் கிருமி வளராவிட்டால், அதுவும் இந்த நோயால் இருக்கலாம். அங்கேதான் சிறுநீர்த் தொற்று என்று மருந்தை மாற்றி மாற்றி நாளைக் கடத்திவிடுகிறார்கள். ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) ஏறுவது இரண்டாம் வாரத்தில். முதல் வாரம் சரியாக இருப்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது.

சிகிச்சை ஐ.வி.ஐ.ஜி., அதாவது நரம்பு வழியாக ஏற்றும் நோய் எதிர்ப்புப் புரதம். எடையில் கிலோவுக்கு 2 கிராம், 10 முதல் 12 மணி நேரம் டிரிப்பாக ஏறும். 10 கிலோ குழந்தைக்கு 20 கிராம். காய்ச்சல் தொடங்கி 10 நாளுக்குள் கொடுத்தால், கரோனரி வீக்கம் நாலில் ஒருவர் என்பதிலிருந்து இருபத்தைந்தில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கும். பத்து நாள் தாண்டியும் காய்ச்சல் நிற்கவில்லை என்றால் அப்போதும் கொடுப்பார்கள். டிரிப் முடிந்து 36 மணி நேரம் கழித்தும் காய்ச்சல் அடித்தால் அடுத்த கட்ட மருந்து தேவை. பிறகு குறைந்த அளவு ஆஸ்பிரின், ஆறு முதல் எட்டு வாரம். அதுவரை இபுபுரூஃபென் வேண்டாம். ஆஸ்பிரின் கொடுக்கும் நாட்களில் ஃப்ளூவோ சின்னம்மையோ தொற்றினால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

ஒரு ஆதங்கம்: ஐ.வி.ஐ.ஜி. போட்ட 11 மாதத்துக்கு எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா), சின்னம்மை தடுப்பூசிகள் சரியாகப் பிடிக்காது. பல டிஸ்சார்ஜ் தாள்களில் இது இருப்பதே இல்லை. நீங்களே தேதியைத் தடுப்பூசி அட்டையில் எழுதிவிடுங்கள்.