புட்டிக்கு அடியில் பழைய துரு

கேள்வி: ஹட்டனில் வசிக்கிறேன். அப்பாவின் 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனரில் கதவுக்குக் கீழே படிபோல ஓடும் இரும்புச் சட்டமான சில்லும் (sill) தரைத் தகடும் துருப்பிடித்திருந்தன. வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைப்பதாகச் சொன்ன ஒரு கராஜில் கொடுத்தேன். எல்லாம் வாய்ப்பேச்சு, பில்லில் ‘டிங்கரிங், பெயின்ட்’ என்று மட்டும் இருக்கிறது. மூன்றரை இலட்சம் கட்டிவிட்டேன், எண்பதாயிரம் பாக்கி. கார் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம். கதவு இறங்குகிறதே என்று வேறொரு பாஸிடம் (கராஜ் மேசன்போல வேலை தெரிந்த மெக்கானிக்) காட்டினேன். அவர் தட்டியதும், பள்ளம் நிரப்பப் பூசும் புட்டி கொட்டியது. துருவை எடுக்காமலே மேலே மெல்லிய தகடு ஒட்டியிருக்கிறார்கள். கராஜ்காரரோ, “பழைய காருக்கு கரண்டி (உத்தரவாதம்) இல்லை, பாக்கியைத் தாங்க” என்கிறார்.

பதில்: அந்த இரண்டாவது பாஸை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் வழக்கே அந்தத் தகட்டுக்குள்தான் இருக்கிறது. அவர் நல்ல மனதோடு வெட்டிச் சரிசெய்துவிட்டால் உங்களிடம் மிஞ்சுவது வெறும் பேச்சு. புட்டி கொட்டிய இடங்களைத் திகதியோடு படமெடுங்கள். காந்தம் வைத்துப் பாருங்கள். தடித்த புட்டியில் அது ஒட்டாது, அதையும் வீடியோ எடுங்கள். கொட்டிய துண்டுகளை ஒரு பையில் போட்டு வையுங்கள். கராஜோடு தொடர்பில்லாத ஒருவரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். மைனருக்குத் தனி செஸி (அடிச்சட்டம்) கிடையாது. பாரத்தைத் தாங்குவதே சில்லும் தரையும்தான் என்பது அதில் வரவேண்டும். அதனால்தான் கதவு இறங்குகிறது. அதுவரை காரை ஓட்டாதீர்கள்.

“ஹட்டன் மழைக்கும் பனிக்கும் துருப்பிடிக்கத்தானே செய்யும்” என்று கராஜ்காரர் சொல்வார். சொல்லட்டும். புதுத் தகட்டுக்கு அடியில் அடுக்கடுக்காய் உரியும் துரு இரண்டு மாதத்தில் வந்ததல்ல.

கரண்டி எழுதித் தரவில்லை என்பதும் செல்லாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, சேவையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்வதாகவும், போடும் பொருள் அந்த வேலைக்குப் பொருத்தமானது என்றும் உத்தரவாதம் தானாகவே அடங்கியிருக்கிறது. ஆனால் முறைப்பாட்டை அந்த அதிகாரசபைக்கு எழுத்தில், சேவை கிடைத்த 3 மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். உங்களுக்கு இருப்பது ஒரு மாதம்தான். தமிழிலேயே எழுதலாம். அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து விசாரிக்கலாம், ஆனால் அழைத்ததோடு விட்டுவிடாதீர்கள்.

கராஜுக்கும் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள்: குறை இது, 14 நாளுக்குள் வந்து பாருங்கள், பாக்கியை இந்தக் காரணத்துக்காகவே நிறுத்தியிருக்கிறேன் என்று. கோபத்தை அதில் கொட்டவேண்டாம். “திரும்பக் கொண்டாங்க, செஞ்சு தாறேன்” என்றால் காரை உடனே அனுப்பாதீர்கள். நம் ரோமன் டச்சுச் சட்டப்படி, கூலி வரும்வரை பழுதுபார்த்த பொருளைப் பிடித்துவைக்கும் உரிமை கராஜுக்கு உண்டு. கார் கைமாறியதும் அந்தப் பிடி போய்விட்டது. நீங்களே மறுபடி கொடுக்காதீர்கள். என்ன தகடு, என்ன கனம், யார் செலவு, பாக்கி எப்போது என்று எழுதிக் கையெழுத்தான பிறகு பார்க்கலாம்.

அதற்கும் மசியாவிட்டால் மத்தியஸ்த சபை. அங்கே சட்டத்தரணிகள் உங்களுக்காகப் பேசமுடியாது (எங்களுக்கு வருத்தம்தான்), எனவே படங்களும் துண்டுகளும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். இணக்கம் வராவிட்டால் அவர்கள் தரும் சான்றிதழோடு நீதிமன்றம் போகலாம். வாய்மொழி ஒப்பந்தத்துக்கு 3 வருடம், எழுத்து மூலமென்றால் 6 வருடம் என்பது காலவரையறைச் சட்டத்தின் கணக்கு.

அப்புறம், போனட்டைத் திறந்து செஸி இலக்கத் தகடு இருக்கிறதா, பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அது காணாமல் போயிருந்தால் கடிதத்தில் அதையும் சேர்க்கவேண்டும்.